ஏரி நிறைந்தால் கரை கசியும்

(மதுராந்தகத்தில் விவசாயிகள் கூட்டத்தில் பேசியது)

தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் அவர்களே, நீர்வளத்துறைப் பொறியாளர்களே, வருவாய்த்துறை அலுவலர்களே, ஊராட்சித் தலைவர்களே, நடவு வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். அழைத்தவுடன் வந்த பொறியாளர்களுக்குத் தனியாக ஒரு நன்றி.

இரண்டு விஷயம் பேச வந்தேன். மழை மாறியிருப்பது, ஏரி நிறைந்தால் உபரிநீர் போக வழி இல்லாமல் இருப்பது.

காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஈரம் தாங்கும். அது இறங்கும்போது மொத்தமாகக் கொட்டும். பத்து நாள் மழை ஒரே ராத்திரியில் பெய்தால் ஆறு என்ன செய்யும்? 2015 டிசம்பர் 1 அன்று தொடங்கிய மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவானது. சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் விநாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள். தாம்பரம், முடிச்சூர் பக்கத்து ஏரிகள் வழிந்த தண்ணீரும் அடையாற்றில்தான் சேர்ந்தது. அந்த மழைப்பழி முழுவதையும் பருவநிலை மாற்றத்தின் மேல் போட நான் வரவில்லை. அப்படிப்பட்ட மழை இனி அடிக்கடி வரலாம் என்பதுதான் என் பயம். நாலே வருஷத்தில், 2019இல், அதே செம்பரம்பாக்கம் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் போனதே!

ஏரி நிறைந்தால் கரை கசியும் என்றார்கள் நம் முன்னோர். இந்த ஊருக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1790களில் இங்கே கலெக்டராக இருந்தவர் லியோனல் பிளேஸ் துரை. மழைக்கு மழை நம் மதுராந்தகம் ஏரிக்கரை உடைந்துகொண்டே இருந்ததாம். தாயார் சன்னதி கட்டப் பணம் கேட்டார்கள் இங்குள்ள ராமர் கோயில்காரர்கள். “உங்கள் ராமர் இந்த வருஷம் கரையைக் காக்கட்டும், நானே கட்டித் தருகிறேன்” என்றாராம் துரை. அப்புறம் ஒரு ராத்திரி பேய்மழை. ஏரி தளும்புகிறது. துரை குடையும் ஆளுமாகக் கரைக்கு ஓடுகிறார். மின்னல் வெட்டுகிறது! வில்லும் அம்புமாக இரண்டு இளைஞர்கள் கரைமேல் நிற்கிறார்கள். துரை அப்படியே மண்டியிட்டுவிட்டார். கூட வந்தவர்கள் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லையாம். விடிந்து பார்த்தால் கரை அப்படியே இருந்தது. அவர் கட்டித் தந்த ஜனகவல்லித் தாயார் சன்னதியில் இன்றைக்கும் அவர் பெயர் கல்லில் இருக்கிறது. நீங்கள் தினமும் கும்பிடும் இடம்தானே!

சரி, ராமர் கரையைக் காத்தார். ஏரி நிறைந்ததும் உபரிநீர் வெளியேறும் வாய்தான் கலங்கல். அதில் இறங்கிய தண்ணீர் போக அன்று வழி இருந்தது. இன்று நம் மாவட்டத்துச் சிற்றேரிகள் பலவற்றுக்குக் கீழே உபரிநீர்க் கால்வாயில் மனைப்பிரிவு நிற்கிறது, சாலை குறுக்கே போகிறது. ஏரி நிறைந்தால் கரை கசியும்; வழியையும் அடைத்துவிட்டால் கசிவதோடு நிற்காது, உடையும். பெரிய ஏரிக்குக் கோடிக்கணக்கில் செலவு செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன் ஒவ்வொரு சிற்றேரியின் கலங்கலிலிருந்து ஆறு வரைக்கும் வருவாய்த்துறைப் பழைய வரைபடத்தை வைத்து அளந்து எல்லைக்கல் நடுங்கள். வரத்துக் கால்வாய்க்கும் அப்படியே. எங்கள் பிள்ளைகள் அளவுச் சங்கிலி பிடிக்கத் தயார்.

அலுவலர்கள் மேடையில் இருக்கும்போதே கேட்டுவிடுகிறேன் ஐயா. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். அதற்குள் எந்த ஏரியில் அளக்கும் வேலையைத் தொடங்குவீர்கள்? தேதியை இங்கேயே சொல்லுங்கள், எங்கள் மனு இதோ.