உருளைகள் பங்கு வைக்கும் இரும்பு

நேயர்களுக்கு வணக்கம்.

எஞ்சினுக்குள் பிஸ்டனையும் கிராங்க் ஷாஃப்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடை எடுத்துக்கொள்வோம். ஒரு முனை பெரிது, மறுமுனை சிறிது, நடுவில் ஒல்லியான தண்டு. செய்யக் கிடைப்பதோ நெடுக ஒரே பருமனுள்ள இரும்புத் தடி. அதைக் காய்ச்சி அப்படியே அச்சில் வைத்து அடித்தால், நடுவில் இருக்கும் மிச்ச இரும்பு ஓரங்களில் பிசிராகப் பிதுங்கும். வெட்டி எறிய வேண்டியதுதான். அடிக்கும் முன்பே உலோகத்தை இடம் பார்த்துப் பங்கு வைப்பதுதான் ரோல் ஃபோர்ஜிங்.

மேலும் கீழுமாக இரண்டு உருளைகள் எதிரெதிராகச் சுழலும். உருளையின் சுற்றளவில் ஒரு பகுதியில் மட்டுமே அச்சு உண்டு. மீதிப் பக்கம் காலி. காலிப் பக்கங்கள் நேர் வரும்போது இடைவெளி திறக்கும். சுமார் 1200 டிகிரி சூட்டில் மஞ்சளாக ஒளிரும் தடியை இடுக்கியால் பிடித்து அதற்குள் நீட்ட வேண்டும். அச்சு சுற்றி வந்து தடியைக் கவ்வி, அழுத்திக்கொண்டே நீட்டியவர் பக்கமே திருப்பித் தள்ளும். மேலே படிந்த கருஞ்செதில் வெடித்து உதிரும். அழுத்தம் பட்ட இடத்தில் குறுக்குப் பரப்பு பாதியானால் அந்தப் பகுதியின் நீளம் இரண்டு மடங்கு. இரும்பு எங்கும் போய்விடாது, இடம்தான் மாறும்.

அச்சில் பள்ளங்கள் பக்கத்தில் பக்கத்தில் வெட்டியிருக்கும். அப்புறம் தடியை 90 டிகிரி திருப்பி அடுத்த பள்ளத்தில் விட வேண்டும். இந்தத் திருப்பலைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். மேலும் கீழும் அழுத்தினால் உலோகம் பக்கவாட்டில் அகலும். திருப்பிவிட்டால் அந்த அகன்ற பக்கம் அடுத்த அழுத்தத்தில் அமுங்கும். ஆனால் பள்ளத்தின் கொள்ளளவுக்கு மேல் அகன்றால், உருளைகளின் இடுக்கில் மெல்லிய செட்டை போல நீட்டிக்கொள்ளும். அடுத்த அழுத்தத்தில் அந்தச் செட்டை உடலோடு மடிந்து படியும், ஆனால் ஒட்டாது. வெளியே வழவழப்பாகத் தெரியும். உள்ளே மடிப்பு இருக்கும். ஓடும் எஞ்சினில் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். அதனால் எந்தப் பள்ளத்தில் எவ்வளவு குறைப்பது என்ற கணக்கு அச்சை வெட்டும்போதே சரியாக இருக்க வேண்டும். பேராசைப்பட்டு ஒரே ஓட்டத்தில் குறைக்கக் கூடாது.

லாரியின் முன் அச்சுத்தண்டும் இப்படித்தான் முதல் உருவம் பெறுகிறது. முனை மெலிந்த பட்டை ஸ்பிரிங்குகளையும் உருளையிலேயே இழுத்துவிடலாம்.

பெரிய ஆலைகளில் இப்போது இயந்திரக் கைதான் தடியைப் பிடித்துத் திருப்புகிறது. எல்லா ஓட்டமும் சில நொடிகளில் முடிந்துவிடும். தடியில் சூடு இன்னும் மிச்சம் இருக்கும். மறுபடி உலைக்குப் போகாமல், அந்தச் சூட்டோடேயே, அச்சில் வைத்து இறுதி உருவம் கொடுக்கும் பிரஸ்ஸுக்கு நேரே போகும்.

வணக்கம்.