முகத்துக்கு நேரே ஒருவர், முதுகுப்புறத்தில் ஒருவர்

நேயர்களுக்கு வணக்கம். பிளிசார்ட் நிறுவனம் 2004 நவம்பரில் வெளியிட்ட 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்னும் இணைய விளையாட்டின் தொடக்ககால வடிவம், 2019-இல் 'கிளாசிக்' என்ற பெயரில் மீண்டும் வந்தது. அதில் கணினி இயக்கும் எதிரியை நெருங்கி நின்று போரிடும் இரு வகையினரைப் பற்றி இன்று பேசுகிறேன். ஒருவர் அடிகளைத் தன்மீது வாங்கிக்கொள்ளும் டேங்க். மற்றவர் கைக்கெட்டும் தூரத்தில் நின்று அடி கொடுக்கும் மெலீ. முன்னவருக்குப் போர்வீரரான வாரியரையும் பின்னவருக்கு மறைந்து தாக்கும் ரோகையும் எடுத்துக்கொள்கிறேன்.

இவர்களின் உறவைத் தீர்மானிப்பது 'த்ரெட்' என்ற கணக்கு. யார் தன்னை எவ்வளவு தாக்கினார்கள், யார் யாருக்குக் காயம் ஆற்றினார்கள் என்பதையெல்லாம் எதிரி கணக்கில் வைத்துக்கொண்டு, பொதுவாக அதில் முதலிடத்தில் இருப்பவரையே தாக்குகிறது. டிஃபென்சிவ் ஸ்டான்ஸ் என்னும் தற்காப்பு நிலையில் நிற்கும் வாரியருக்குத் தான் கொடுக்கும் அடியும் வாங்கும் அடியும் 10 சதவீதம் குறைகின்றன. த்ரெட்டோ 30 சதவீதம் கூடுகிறது. அருகில் நிற்கும் மற்றொருவர் அந்தக் கணக்கில் டேங்கின் அளவைப்போல் 110 சதவீதத்தைத் தாண்டினால் எதிரி அவர் பக்கம் திரும்பிவிடும். தொலைவில் நின்று மந்திரம் ஏவுபவருக்கு அந்த எல்லை 130 சதவீதம். ஆகவே தோல் கவசம் மட்டுமே அணிந்த ரோகுக்குத்தான் பிழை செய்ய இடம் குறைவு.

திறன்களைப் பயன்படுத்தத் தேவைப்படும் ஆற்றல் கிடைக்கும் வழியிலும் இருவரும் வேறுபடுகிறார்கள். ரோகின் எனர்ஜி இரண்டு நொடிக்கு 20 என்ற அளவில் தானாக ஊறிக்கொண்டே இருக்கும். வாரியரின் ரேஜோ அடி கொடுத்தாலும் அடி பட்டாலும்தான் ஏறும். இதில் ஒரு விசித்திரம் உண்டு: கவசம் மேம்பட மேம்பட உடலில் இறங்கும் அடி குறைகிறது, அதனால் ரேஜ் குறைகிறது, அதனால் த்ரெட்டும் குறைகிறது. மிகச் சிறந்த கவசத்தோடு எளிய டன்ஜனுக்குள், அதாவது சிறு குழுவாகப் போரிடும் களத்துக்குள், நுழையும் டேங்க் அங்கே திணறுவதைப் புதியவர்கள் நம்ப மறுப்பார்கள்.

எதிரியின் பின்னால் நிற்பதை ரோகின் தந்திரமாக மட்டுமே பலர் கருதுகிறார்கள். எனக்கு அது டேங்குக்குச் செய்யும் உதவியாகவே படுகிறது. முன்னிருந்து தாக்கினால் எதிரி அந்த வீச்சைத் தடுத்துத் தள்ளக்கூடும்; அப்படித் தள்ளிய பின் அதன் அடுத்த அடி வழக்கத்தைவிட விரைவாக வந்து டேங்கின்மீது விழும்.

எல்லை மீறிய ரோகுக்கு மீட்சி உண்டு: ஃபெயின்ட் என்ற திறன் த்ரெட்டைக் குறைக்கும், வானிஷ் என்ற திறன் அதை அடியோடு துடைத்துவிடும். ஆனால் இரு கைகளிலும் ஆயுதம் ஏந்தித் தாக்குதலையே தொழிலாகக் கொண்ட ஃப்யூரி வாரியருக்கு அத்தகைய திறன் எதுவும் இல்லை. அதனால்தான், எதிரியின் கவசத்தைச் சிதைக்கும் சண்டர் ஆர்மரை டேங்க் ஐந்து முறை அடுக்கி முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பது பெருங்குழுவாகப் போரிடும் ரெய்டுகளில் எழுதப்படாத விதியாக இருந்தது. அந்தச் சில நொடிகளைப் பொறுக்க முடியாதவர், எத்தனை கூர்மையான வாள் வைத்திருந்தாலும், என் கணிப்பில் நல்ல மெலீ ஆட்டக்காரர் அல்லர்.