சைகோன்ல வாங்கின லைட்டரும் அடியில இருக்கிற கோடும்

இருங்க, கேமராகிட்ட கொண்டு வர்றேன். ஃபோகஸ் ஆகட்டும்... ஆங், இப்போ தெரியுதா? ஸிப்போங்கிற அமெரிக்கக் கம்பெனி லைட்டர். ஒரு பக்கம் வியட்நாம் மேப். இன்னொரு பக்கம் "கூ சி 67–68"னு பொறிச்சிருக்கு. கூ சின்னா வியட்நாம் போர்ல சைகோன் பக்கத்துல அமெரிக்க ராணுவ முகாம் இருந்த இடம், 67–68 ஒரு சிப்பாய் அங்க இருந்த வருஷம். நேத்துலேர்ந்து இதைக் கையைவிட்டு இறக்கவே இல்ல.

எந்த ஊருக்குப் போனாலும் நான் முதல்ல பழைய சாமான் கடைக்குத்தான் போவேன்னு உங்களுக்கே தெரியும். பினாங்குல அந்தப் பித்தளைப் பூட்டுக்காக அலைஞ்சதைப் பார்த்திருப்பீங்க. இங்க சைகோன்ல ராணுவச் சாமான் விக்கிறதுக்குன்னே ஒரு சந்தை இருக்கு. கடைக்கார அம்மா கால்குலேட்டர்ல 6,50,000 அடிச்சு நீட்டினாங்க. வியட்நாம் காசு டாங்தான், நம்ம காசுக்கு 2,000 ரூபாய்க்கு மேல. நான் வாங்கி 1,50,000 அடிச்சேன். அவங்க தலையில கைய வெச்சுக்கிட்டு 5,00,000 அடிச்சாங்க. நான் 2,00,000. இப்படியே அந்தக் கால்குலேட்டர் எத்தனை தடவை கை மாறிச்சு தெரியுமா! கடைசியா எழுந்து ரெண்டு கடை தள்ளி நடந்தேன் பாருங்க, பின்னாடியே குரல் வந்துச்சு. 2,50,000! எண்ணூத்துச் சில்லறை ரூபாய். அதுமட்டுமில்ல, உட்கார வெச்சு ஒரு ஐஸ் காபியும் கொடுத்தாங்க. இந்த ஊர் காபிக்கு ஈடு எதுவுமே கிடையாது.

ரூமுக்கு வந்து திருப்பிப் பார்க்கிறேன், அடியில கோடு. எந்த வருஷம் செஞ்சதுன்னு ஸிப்போல அடியிலயே குறி இருக்கும். 1966லேர்ந்து 1973 வரைக்கும் நேர்க்கோடு, வருஷத்துக்கு ஒண்ணொண்ணா குறையும். 1967னா இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் மூணு. 1974ல கோடு சாய்ஞ்சிடும். இதுல இருக்கிறது சாய்ஞ்ச கோடு, எட்டு. அசல் ஸிப்போவாவே இருந்தாலும் இது 1974. கடைசி அமெரிக்கப் போர்ப்படை கிளம்பினதே 1973 மார்ச் 29! 67ல கூ சி முகாம்ல இருந்த எந்தச் சிப்பாய் கையிலயும் இது இருந்திருக்க முடியாது. பின்னாடி யாரோ பொறிச்சிருக்காங்க. அதை நானே கண்டுபிடிச்சேன்ல, அந்த சந்தோஷத்துல ராத்திரி தூக்கமே வரல.

எழுத்து பொய்யா இருந்தாலும் அந்த "67–68" இருக்கே, அது நிஜமான கணக்கு. வியட்நாம்ல அமெரிக்க ராணுவத்துல ஒரு ஆளுக்கு 12 மாசம், மரீன்கள்ங்கிற தனிப் படைக்கு 13 மாசம். பெரும்பாலும் படையா வந்து படையா திரும்பல, ஒவ்வொருத்தனும் தனித்தனியா வருவான், நாள் எண்ணிக்கிட்டே இருந்துட்டு தனியா போவான். எந்த வரப்புல கண்ணி இருக்குன்னு பழகினவன் ஃப்ளைட் ஏறிடுவான், அந்த இடத்துக்கு ஒண்ணும் தெரியாத புதுப் பையன் வருவான். எதிர்ல இருந்தவங்களுக்கு அப்படி ஒரு கடைசித் தேதியே கிடையாது. இந்தப் போர்ல எனக்கு ரொம்ப உறுத்துறது இதுதான்.

அப்புறம், போன வீடியோல "அமெரிக்கா 1965ல வந்துச்சு"ன்னு சொல்லிட்டேன். அது தப்பு, திருத்திடறேன். 1965 மார்ச் 8ல டா நாங் கடற்கரையில 3,500 மரீன்கள் இறங்கினாங்க, பொண்ணுங்க மாலை போட்டு வரவேற்றாங்க. அது சண்டைப் படை வந்த நாள். ஜனாதிபதி ட்ரூமன் காலத்துல, 1950லயே அமெரிக்க ராணுவ ஆலோசனைக் குழு சைகோனுக்கு வந்தாச்சு. அப்போ நடந்தது வியட்நாமைத் தங்க கையிலேயே வெச்சுக்க பிரெஞ்சுக்காரங்க நடத்தின போர், ஆனா கடைசிக்கு வந்தப்போ செலவுல பெரும்பங்கு அமெரிக்கப் பணம். 1954ல தியன் பியன் ஃபூங்கிற இடத்துல பிரான்ஸ் தோத்துச்சு. ஜெனீவால பேசி, 17வது அட்சரேகையில கோடு போட்டு வடக்கு, தெற்குன்னு பிரிச்சாங்க. அந்த ஒப்பந்தத்தைக் கண்காணிச்ச குழுவுக்குத் தலைமை யாரு தெரியுமா? நம்ம இந்தியா! ரெண்டையும் சேர்க்க 1956ல தேர்தல்னாங்க, நடக்கவே இல்ல. 1963 முடியறப்போ "ஆலோசகர்"ங்கிற பேர்ல சுமார் 16,000 பேர் இருந்தாங்க.

அச்சச்சோ, டோங்கின் வளைகுடாவை விட்டுட்டு டா நாங் போயிட்டேன். 1964க்கு வாங்க. ஆகஸ்ட் 2ல அந்த வளைகுடால மேடக்ஸ்ங்கிற அமெரிக்கப் போர்க்கப்பல் மேல வட வியட்நாம் படகுகள் பாய்ஞ்சது நடந்த விஷயம். 4ம் தேதி ராத்திரி இன்னொரு தாக்குதல்னாங்களே, அது நடக்கவே இல்ல. அமெரிக்க உளவு அமைப்போட சொந்த ஆய்வே அதைச் சொல்லுது, 2005லதான் வெளிய விட்டாங்க. ஆனா 1964 ஆகஸ்ட் 7லயே, ஜனாதிபதி ஜான்சன் படையை இறக்கலாம்னு அமெரிக்கப் பாராளுமன்றத்துல தீர்மானம் நிறைவேறிடுச்சு. கீழ்ச்சபையில 416க்கு 0, செனட்ல 88க்கு 2. எதிர்த்து ஓட்டு போட்ட வேய்ன் மோர்ஸ், எர்னெஸ்ட் க்ரூனிங், இந்த ரெண்டு பேரையும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். போர்ப் பிரகடனம்னு ஒண்ணு இல்லாமலே 1969 ஏப்ரல்ல அமெரிக்கப் படை 5,43,000 பேர் வரைக்கும் போயிடுச்சு.

இந்த லைட்டருக்கு வர்றேன். 1965 ஆகஸ்ட்ல டா நாங் பக்கத்துல காம் நே கிராமம். சிபிஎஸ்ங்கிற அமெரிக்க டிவியோட நிருபர் மோர்லி சேஃபர் கேமராவோட நிக்கிறார். ஒரு மரீன் லைட்டரைத் திறந்து கூரை ஓரத்துல வைக்கிறான். ஓலைக் கூரை பிடிக்க எவ்ளோ நேரம் ஆகும்னு நமக்குச் சொல்லணுமா? அமெரிக்கா வீட்ல உட்கார்ந்து டிவியில அதைப் பார்த்துச்சு. இந்த மூடியைத் திறக்கிற சத்தம் இருக்கே... டிக். நேத்து பத்துத் தடவை ஆசையா திறந்து திறந்து மூடினேன். அந்த வீடியோவைத் திரும்பப் பார்த்ததுக்கப்புறம் திறக்க மனசு வரல.

நாளைக்கு கூ சி சுரங்கம், அமெரிக்காவை எதிர்த்தவங்க மண்ணுக்குள்ள ஒளிஞ்சிருந்த இடம். அங்க காசு கொடுத்துத் துப்பாக்கி சுடற இடம் இருக்கு. நான் சுட மாட்டேன், கேட்காதீங்க, அந்த மண்ணுல அது எனக்குப் பிடிக்கவே இல்ல. அவிச்ச மரவள்ளிக்கிழங்கு தருவாங்க, வேர்க்கடலைப் பொடி தொட்டு. அதுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன்.

ஊருக்கு ஃப்ளைட்ல லைட்டர் எப்படிக் கொண்டு வருவேன்னு கேட்பீங்க. உள்ள இருக்கிற பஞ்சு, திரி எல்லாத்தையும் மொத்தமா உருவிட்டேன். இதோ, வெறும் கூடு. கோடு கூட்டுலதானே இருக்கு.