நெல் போகும் சாலை

நேயர்களுக்கு வணக்கம்.

கீழ்வேளூரிலிருந்து கச்சனம் போகிற சாலையைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். மாநில நெடுஞ்சாலை என்று பெரிய பெயர். ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வடக்கு முனையில் தஞ்சாவூர் – நாகப்பட்டினம் ரயில் பாதை. தெற்கு முனையில் திருவாரூரிலிருந்து திருத்துறைப்பூண்டிக்குப் போகிற சாலை. நடுவில் முழுக்க வயல். 1991 வரைக்கும் எல்லாமே தஞ்சாவூர் மாவட்டம்தான். இப்போது ஏறுவது நாகை மாவட்டத்தில், இறங்குவது திருவாரூர் மாவட்டத்தில்.

நான் இந்தப் பக்கத்து நெல் கொள்முதல் நிலையங்களில் பட்டியல் எழுத்தராக இருந்தவன். அதனால் நெல்லை வைத்துத்தான் எனக்கு இந்தச் சாலையைச் சொல்ல வரும்.

முதலில் சாலையின் உடம்பைச் சொல்லிவிடுகிறேன். நேராகப் போகாது. வாய்க்கால் கரையையும் வரப்பையும் பிடித்துக்கொண்டு வளைந்து வளைந்து போகும். மாட்டுவண்டி பழக்கிய தடத்தின் மேல் தார் போட்டால் அப்படித்தான் இருக்கும். கீழே களிமண். மழையில் ஊதும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். போட்ட தார் உள்வாங்கிவிடும். டெல்டாவில் கல்லே கிடையாது. ஒரு சட்டி ஜல்லி வேண்டும் என்றாலும் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து லாரி வர வேண்டும். எங்கள் மண் நெல்லைத் தாங்கும், ரோட்டைத் தாங்காது.

கீழ்வேளூரில் ஒரு மாடக்கோயில். அங்கிருந்து புறப்பட்டுத் தேவூர் வந்தால் அங்கேயும் ஒரு மாடக்கோயில். கோச்செங்கட் சோழன் எடுத்தவை என்பார்கள். யானை ஏற முடியாதபடி படி வைத்து உயரத்தில் சன்னிதி. யானைக் கதை இருக்கட்டும். இந்தத் தட்டைப் பூமியில் வெள்ளம் வந்தால் ஊர் ஏறி நிற்க ஒரு மேடு வேண்டாமா? எனக்கு அந்தப் படிகளில் ஏறும்போதெல்லாம் அந்த நினைப்புத்தான் வரும்.

தெற்குக் கோடிக்குப் பக்கத்தில் திருக்குவளை. அதை அடுத்துக் குண்டையூர். சுந்தரருக்குக் கொடுக்கச் சொல்லி இறைவனே குண்டையூர்க் கிழாருக்கு மலை மலையாக நெல் கொடுத்தார் என்பது கதை. நெல் வந்துவிட்டது, திருவாரூரில் சுந்தரரின் மனைவி பரவையார் வீட்டுக்கு அதைக் கொண்டுபோக ஆள் இல்லை. ஆள் கேட்டுத் திருக்கோளிலி இறைவனிடம் பாடினார் சுந்தரர். திருக்குவளையின் பழைய பெயர்தான் திருக்கோளிலி. ராத்திரியோடு ராத்திரியாகப் பூதகணங்கள் சுமந்துபோய்த் தெருவெல்லாம் கொட்டிவிட்டன. அந்தப் பாட்டில் 'அட்டி' என்றொரு சொல் வரும். எங்கள் கொள்முதல் நிலையத்தில் மூட்டையை அடுக்குவதற்கும் அட்டி போடுவது என்றுதான் பெயர். தலையில் துண்டைச் சுருட்டி வைத்து, மூட்டையை முதுகில் வாங்கிப் பலகை மேல் லாரிக்கு ஏறுகிற ஆட்களைப் பார்க்கும்போது, பூதகணம் வேறு யார் என்று நினைத்துக்கொள்வேன்.

தேவூர் தாண்டினால் கீழவெண்மணிக்குப் பிரிகிற பாதை. இங்கே கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும்.

1968 டிசம்பர் 25 ராத்திரி. வயலில் வேலை செய்த கூலி ஆட்கள் கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டார்கள், சங்கத்தில் இருந்தார்கள், அதுதான் குற்றம். பயந்து ஒரு குடிசைக்குள் ஓடி ஒளிந்தவர்களை உள்ளே வைத்துக் கொளுத்தினார்கள். 44 பேர். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். கீழ்க் கோர்ட்டில் மிராசுதார்களுக்குத் தண்டனை கிடைத்தது. உயர் நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கிற பெரிய நிலக்காரர்கள், தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்பது தீர்ப்பில் இருந்த ஒரு காரணம். இந்தச் சாலையைப் பற்றிப் பேச உட்கார்ந்துவிட்டு அந்த வரியைச் சொல்லாமல் விட என்னால் முடியாது.

அரைப்படி என்பது எவ்வளவு என்று ஒரு தடவை பார்த்தேன். எங்கள் கணக்கில் படி கிடையாது, மூட்டை 40 கிலோ. கூட்டம் இல்லாத ஒரு மத்தியானம், வீட்டிலிருந்து பழைய படியை எடுத்துப்போய் அரைப்படி அளந்து தராசுத் தட்டில் கொட்டினேன். மூட்டை நிற்கிற அந்தப் பெரிய தட்டில் ஒரு மூலையில் சின்னதாகக் குவிந்தது. இரண்டு கையையும் சேர்த்து அள்ளினால் இரண்டு மூன்று அள்ளல். பக்கத்தில் இருந்த சுமைதூக்குகிற அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை. எதற்கு அளக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அப்புறம் 1969இல் கிழக்குத் தஞ்சைக்கென்று நியாயக் கூலிச் சட்டம் வந்தது. காந்தியவாதித் தம்பதி கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் இந்த வட்டாரத்தில் தங்கி, 1981இல் லாப்டி இயக்கத்தைத் தொடங்கி, நிலமில்லாத குடும்பங்களுக்குப் பெண்கள் பெயரில் நிலம் வாங்கிக் கொடுத்தார்கள். அப்படி நிலம் பெற்ற அம்மாக்கள் பிறகு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்கள். பட்டியலில் விவசாயி பெயர் என்ற இடத்தில் ஒரு பெண் பெயரை எழுதுகிறபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

இப்போதைய கதைக்கு வருகிறேன். நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்கக் கூடாது என்பது விதி. தை மாதப் பனியிலும் கடற்காற்றிலும் அறுத்த நெல் அதற்குக் கீழே எங்கே இறங்கும்? களங்கள் போதாது. அதனால் ரோட்டில் காயப் போடுகிறார்கள். பாதி ரோடு நெல், ஓரத்தில் வரிசையாகக் கல். இருட்டில் கல் தெரியாமல் மோட்டார் சைக்கிளோடு விழுந்தவர்கள் உண்டு. அவர்கள் கோபம் நியாயம். காயப் போடுகிறவருக்கும் வேறு வழி இல்லை. சாலையை அகலப்படுத்துகிறபோது இரண்டு மூன்று ஊருக்கு ஒரு சிமெண்டுக் களமாவது சேர்த்துக் கட்டினால் இந்த இரண்டு பேருமே பிழைப்பார்கள். இதை நான் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கடைசியில் கச்சனம். கோயிலில் இருப்பது இந்திரன் மணலில் பிடித்த லிங்கம், அவன் கைவிரல் பதிந்த அடையாளம் அதில் இருக்கிறது என்பார்கள். கைச்சின்னம் என்ற ஊர்ப் பெயர்தான் கச்சனம் ஆயிற்று. போன தை மாதம் அங்கே பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். ரோட்டில் ஒரு பாட்டி வெறுங்காலால் நெல்லைத் துழாவிக்கொண்டே போனார். காலை இழுத்து இழுத்து, கோடு கோடாக. அந்த முனை வரைக்கும் போய்த் திரும்பி, இந்தப் பக்கம் அடுத்த கோடு. பஸ் வந்தது. டிரைவர் நெல்லின் மேல் ஏற்றாமல், மறுபக்கத்து மண்ணில் இறக்கி மெதுவாக ஓட்டினார். பாட்டி நிமிர்ந்து பார்த்து, "பாத்துப் போ தம்பி" என்றார்.

வணக்கம்.