பழைய செவ்ரோலே பிக்கப்புக்கு 750 கார்புரேட்டர் தேவையா?

அடுத்த கேள்வி டெக்சாஸில் இருந்து. 1978 மாடல் செவ்ரோலே சி-10 பிக்கப், 350 வி-8 எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர். கம்பெனியில் வந்த குவாட்ராஜெட் கார்புரேட்டர் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறதாம். அதைக் கழற்றிவிட்டு ஹோலி 750 போடலாமா, எடல்பிராக் 600 போதுமா என்று கேட்கிறார். தினமும் ஆபீஸுக்குப் போய் வர, எப்போதாவது படகு இழுக்க, இதற்குத்தான் வண்டி.

750 வேண்டாம். இந்த 750, 600 எல்லாம் கார்புரேட்டர் வழியாக நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று போகும் என்ற அளவு, சுருக்கமாக சி.எஃப்.எம். ஏன் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 350 என்பது எஞ்சினின் கொள்ளளவு, கன அங்குலத்தில். ஒரு கன அடிக்கு 1728 கன அங்குலம். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் காற்றை இழுக்கும், அதனால் அதன் இருமடங்கு, 3456 என்று வைத்துக்கொள்ளுங்கள். 350-ஐ 5000 ஆர்.பி.எம்-ஆல் பெருக்கி 3456-ஆல் வகுத்தால் 506 சி.எஃப்.எம். சிலிண்டர் முழுசாக நிரம்பாது, 85 சதவீதம் என்று பிடித்தால் சுமார் 430. படகு இழுக்கிற வண்டியை 5000-க்கு மேல் யார் முடுக்கப் போகிறார்கள்? 600-ஏ தாராளம்.

பெரிசாகப் போட்டால் என்ன கெட்டுப்போகும்? கார்புரேட்டரில் பெட்ரோலை இழுப்பது காற்றின் வேகம். வாய் பெரிதானால் குறைந்த ஆர்.பி.எம்-மில் காற்று மந்தமாகப் போகும், பெட்ரோல் பொடிப்பொடியாகச் சிதறாது. சிக்னலில் மிதித்ததும் வண்டி ஒரு நொடி முக்கிவிட்டுத்தான் கிளம்பும். மைலேஜும் போகும்.

“குவாட்ராஜெட்டே 750 தானே, கம்பெனிக்காரன் போட்டிருக்கிறானே” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அதில் முன் இரண்டு துளை 1⅜ அங்குலம், பின் இரண்டும் 2¼ அங்குலம். சாதாரண ஓட்டத்தில் சின்னத் துளைகள் மட்டும்தான் வேலை செய்யும். முழுசாக மிதித்தாலும் பின்பக்கத்து ஏர் வால்வு, எஞ்சின் கேட்கிற அளவுக்குத்தான் திறக்கும். பெரிய வாய் இருந்தும் அடக்கமாகச் சாப்பிடுகிற கார்புரேட்டர் அது. எனக்கு அதன் மேல் தனி மரியாதை உண்டு.

அதனால் மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் பண்ணாமல், ஏர் கிளீனரைக் கழற்றி உள்ளே பார்த்துக்கொண்டே த்ராட்டிலைக் கையால் தள்ளுங்கள். முன் துளைகளில் பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். வரவில்லை என்றால் மிதிக்கும்போது பெட்ரோலைப் பீய்ச்சுகிற பம்பு பழுதாக இருக்கலாம், இல்லை கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தேங்குகிற கிண்ணம் காலியாக இருக்கலாம். கிண்ணம் காலி என்றால் அடியில் இருக்கும் பிளக் வழியாகக் கசிகிறதா என்று பாருங்கள், குவாட்ராஜெட்டில் பழகிப்போன வியாதி அது. எபாக்ஸி பசை வைத்து அடைத்து, கேஸ்கெட் முதலான சில்லறைச் சாமான்கள் அடங்கிய கிட் மாற்றினால் வேலை முடிந்தது. த்ராட்டில் ஷாஃப்ட் ஆடினால் மட்டும் செலவு கொஞ்சம் கூடும்.

இல்லை, புதுசுதான் வேண்டும் என்றால் எடல்பிராக் 1406. 600 சி.எஃப்.எம், எலக்ட்ரிக் சோக். பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்துகிற மீட்டரிங் ராடை மாற்ற கார்புரேட்டரைக் கழற்றவே வேண்டாம், மேலே ஒரு ஸ்க்ரூவைத் தளர்த்தினால் போதும். ஹோலியிலும் வேக்யூம் செகண்டரி, அதாவது எஞ்சின் கேட்கும்போது மட்டும் பின் துளைகள் திறக்கிற வகை, 600-இல் கிடைக்கிறது, அதுவும் நல்லதுதான்.

ஆனால் கார்புரேட்டர் உட்காருகிற உங்கள் மேனிஃபோல்டு குவாட்ராஜெட்டுக்காகச் செய்தது. 1406-இன் நாலு துளையும் கிட்டத்தட்ட ஒரே அளவு என்பதால் நேராக உட்காராது, அடாப்டர் தகடு வேண்டும். கேஸ்கெட் சரியாகப் படியாவிட்டால் காற்று இழுக்கும், அப்புறம் ஐடிலிங் நிற்காமல் கார்புரேட்டரைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். பெட்ரோல் பிரஷர் 6.5 பி.எஸ்.ஐ-க்கு மேல் போகக் கூடாது, கேஜ் வைத்துப் பாருங்கள்.

கியர்பாக்ஸ் கேபிளையும் மறக்காதீர்கள். பழைய டர்போ 350 கியர்பாக்ஸ் என்றால், முழுசாக மிதிக்கும்போது கியரைக் குறைக்கிற கிக்டவுன் கேபிள்தான், பெரிய ஆபத்தில்லை. யாராவது 700-ஆர்4 கியர்பாக்ஸ் மாற்றியிருந்தால் அதன் டிவி (த்ராட்டில் வால்வு) கேபிள்தான் உள்ளே ஆயில் பிரஷரைத் தீர்மானிக்கிறது. அதற்கான பிராக்கெட் இல்லாமல் ஏனோதானோ என்று மாட்டி ஓட்டினால் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் கருகிவிடும்.

கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே 1975 வரையிலான வண்டிக்குத்தான் புகைச் சோதனை இல்லை. 1976-க்குப் பிறகான வண்டி என்றால், உங்கள் மாடலுக்கு அனுமதி எண் உள்ள கார்புரேட்டரா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.