பறித்த பின்னும் மூச்சு விடும் மரக்கறி

வணக்கம் நேயர்களே. வன்னியில் வளவு உள்ளவர்களுக்கு மரக்கறி நடுவது எப்படி என்று நான் சொல்லத் தேவையில்லை. கத்தரி, வெண்டி, பயற்றை, வேலியோரம் முருங்கை என்று உங்களிடமே எல்லாம் இருக்கிறது. பிடுங்கிய காய் கோப்பைக்கு வந்து சேருமுன் அதன் சத்து எங்கே போகிறது என்பதுதான் என் நெடுநாள் கவலை.

பறித்த பின்னும் மரக்கறி மூச்சு விடுகிறது. தனக்குள் சேர்த்து வைத்ததைச் செலவழித்துத்தான் விடுகிறது. சூடு கூடக்கூட அந்தச் செலவும் கூடும். வறண்ட கச்சான் காற்று அடிக்கும் நாளில், விடிய ஒடித்த முளைக்கீரை மத்தியானத்துக்குள் துவண்டு கிடக்குமே, அப்போது போவது தண்ணீர் மட்டுமல்ல. விற்றமின் சி போகிறது. கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் குளிசையாகத் தருகிறார்களே போலிக் அமிலம், அதுவும் குறைகிறது. ஆகவே தோட்டம் உள்ளவர்கள் உலையை வைத்துவிட்டுக் கீரை ஒடியுங்கள். கிளிநொச்சிச் சந்தையிலோ புதுக்குடியிருப்பிலோ வாங்குபவர்கள், பொலித்தீன் பையில் கட்டி மோட்டார் சைக்கிளில் வெயிலோடு தொங்கவிட்டுக்கொண்டு ஊர் சுற்றாதீர்கள். நுவரெலியாவிலிருந்து லொறியில் வரும் கரட் இதையெல்லாம் ஓரளவு தாங்கும். கீரை தாங்காது.

பிரிட்ஜ் இருந்தால் போதாதா என்பீர்கள். கீரைக்கு நல்லது. ஆனால் கத்தரிக்கும் வெண்டிக்கும் அந்தக் குளிர் அதிகம். சில நாளில் தோல் கறுத்துப் பழுதாகிவிடும்.

இனி என் சட்டிக் கதை. எங்கே பேசக் கூப்பிட்டாலும் இதைச் சொல்லாமல் விடமாட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நைஜீரியாவில் முகமது பா அப்பா என்று ஓர் ஆசிரியர். பானை வனையும் குடும்பத்தில் பிறந்தவர். மின்சாரம் இல்லாத கிராமங்களுக்காக 1990களில் ஒரு வேலை செய்தார். பெரிய மண்பானைக்குள் சின்னப் பானை, இரண்டுக்கும் நடுவே மணல், மணலில் தண்ணீர், சின்னப் பானைக்குள் மரக்கறி, வாயில் ஈரத்துணி. அவ்வளவுதான். 2000ஆம் ஆண்டில் அதற்கு ரோலெக்ஸ் கைக்கடிகாரக் கம்பனி விருது கொடுத்தது! தண்ணீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. உங்கள் குசினி மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதனால்தான். காற்று எவ்வளவு வறண்டிருக்கிறதோ அவ்வளவு நன்றாகக் குளிரும். நாம் திட்டித் தீர்க்கும் கச்சான் இதற்கு மட்டும் உபகாரி. மாரியில் இந்தப் பானை சும்மாதான் இருக்கும். காற்றே ஈரமாக இருக்கும்போது தண்ணீர் எங்கே ஆவியாவது?

பெயின்ற் பூசிய பானை வேண்டாம். நிழலில், காற்றுப் படும் இடத்தில் வையுங்கள். காலையும் பின்னேரமும் மணலை நனையுங்கள். பழுத்த மாம்பழத்தையும் வாழைப்பழத்தையும் மட்டும் உள்ளே போடாதீர்கள். அவை விடும் வாயு கீரையை மஞ்சளாக்கிவிடும்.

இதைக் கேட்டுக்கொண்டே யாராவது கீரை அரிந்துகொண்டிருக்கிறீர்களா? கழுவிவிட்டுத்தானே அரிந்தீர்கள்? அரிந்த பிறகு கழுவினால் வெட்டிய வாய் வழியே சத்துக் கரைந்து தண்ணீரோடு போய்விடும். கழுவிவிட்டு அரியுங்கள். பெரிதாக அரியுங்கள். அரிந்ததும் அடுப்பில் ஏற்றுங்கள். பின்னேரச் சமையலுக்குக் காலையிலேயே அரிந்து தண்ணீரில் ஊறப்போடும் பழக்கம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

சரி, தயாரிப்பாளர் கண்ணாடிக்கு அப்பால் கையைக் காட்டுகிறார். சமையலை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சத் தண்ணீர், மூடிய சட்டி, குறைந்த நேரம். அவித்த தண்ணீரைக் கொட்டாமல் சொதிக்கு விடுங்கள். பச்சை நிறம் நிற்க வேண்டுமென்று அப்பச்சோடா போடாதீர்கள்; சோடா விற்றமின்களை அழிக்கும். பூசணியிலும் கரட்டிலும் உள்ள கரோட்டின் சூட்டைத் தாங்கும், ஆனால் உடலில் சேரக் கொழுப்பு வேண்டும். தேங்காய்ப்பால் விட்ட கறி அதற்குப் பொருத்தம். முருங்கையிலை வறைக்குத் தேசிப்புளியை இறக்கிய பிறகு விடுங்கள், இலையில் உள்ள இரும்புச்சத்து நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் அந்தச் சேர்மானம் குறைந்துவிடும்.

முக்கியமான ஒன்று. தண்ணீரைக் கொட்டாதீர்கள் என்றேனே, அது மரவள்ளிக் கிழங்குக்குப் பொருந்தாது. அதில் சயனைட் நஞ்சு உண்டு. தோலைச் சீவி, மூடாமல் அவித்து, அந்தத் தண்ணீரைக் கொட்டத்தான் வேண்டும்.

பாவற்காய் வத்தல் பற்றியும் எழுதி வைத்திருந்தேன், அதற்கு நேரமில்லை. வணக்கம்.