பட்டியலில் ஒரு கமா

டர்பன் நேயர்களுக்கு வணக்கம். தைப்பூசக் காவடி வருகிறது. கோவில் கமிட்டிகளில் ஆங்கிலத்தில் கடிதமும் அறிவிப்பும் எழுதத் தொடங்கியிருப்பீர்கள். அவற்றில் நாம் சரியாகக் கவனிக்காத கமாவைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

தமிழில் ‘அரிசியும் பருப்பும் நெய்யும்’ என்றால் ஒவ்வொரு பொருளும் தனியாக நின்றுவிடும். ஆங்கிலத்தில் ‘அண்ட்’ பெரும்பாலும் கடைசியில் ஒரு தடவைதான் வரும். மற்ற இடங்களில் பிரித்துக் காட்டுவது கமா. இரண்டே பொருள் என்றால் கமா வேண்டாம், ‘அண்ட்’ போதும்.

சரி, மூன்று பொருள் இருந்தால் கடைசி ‘அண்ட்’டுக்கு முன்னால் கமா போடலாமா? ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் போடுகிறது. அதனால்தான் அதற்கு ஆக்ஸ்போர்டு கமா என்று பெயர். பத்திரிகைகள் பல விட்டுவிடுகின்றன. இரண்டும் சரியே. ஆனாலும் போடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். சாப்பாட்டுப் பட்டியலில் ‘பிரியாணி, ரொட்டி அண்ட் பீன்ஸ் கறி, அண்ட் சோஜி’ என்று எழுதினால், ரொட்டியும் கறியும் ஒரே தட்டில் வரும், சோஜி தனி என்பது பார்த்தவுடனே புரியும்.

இதை அற்பம் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில், ஓவர்டைம் கிடைக்காத வேலைகளைச் சட்டம் வரிசையாகச் சொல்லியிருந்தது. கடைசியில் ‘பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்’ என்று இருந்தது. ‘ஷிப்மென்ட்’டுக்குப் பிறகு கமா இல்லை. அப்படியானால் விநியோகம் தனி வேலையா, அல்லது விநியோகத்துக்காகப் பொட்டலம் கட்டுவதைத்தான் சட்டம் சொல்கிறதா? ஓக்ஹர்ஸ்ட் என்ற பால் நிறுவனத்தின் லாரி ஓட்டுநர்கள், நாங்கள் பொட்டலம் கட்டுவதில்லை, பாலைக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம், எங்களுக்கு ஓவர்டைம் உண்டு என்று வழக்குப் போட்டார்கள். 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு நிறுவனம் 50 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. உழைத்தவர்களுக்குக் கூலி வாங்கித் தந்தது, அங்கே இல்லாமல் போன அந்தக் கமா! பிறகு அந்தச் சட்டத்தைத் திருத்தியபோது, வேலைகளுக்கு நடுவே செமிகோலன் வைத்தார்கள்.

செமிகோலன் நமக்கும் அவசியம். தென்னாப்பிரிக்காவில் தசமத்துக்கும் அதிகாரபூர்வமான குறி கமாதான். 12 ராண்ட் 50 சென்ட்டை 12,50 என்று எழுதுகிறோம். நன்கொடைத் தொகைகளை 12,50, 8,75 என்று கமாவால் பிரித்துக்கொண்டே போனால், எது சென்ட், எங்கே அடுத்த தொகை என்று கணக்குப் பார்ப்பவர் திணறுவார். நடுவே செமிகோலன் வைத்து 12,50; 8,75 என்று எழுதுங்கள்.

அப்புறம் பிள்ளைகளுக்கு ஒன்று. ‘வீ நீட்’ என்று எழுதியதுமே கமா போட்டுவிடாதீர்கள். முதல் பொருளை எழுதி முடித்த பிறகுதான் முதல் கமா.